இரண்டு பெட்டைகள், நடுவே ஒரு கதவு

3 நவம்பர் 1979, சனி

மூன்று நாள் மழை இன்று காலை விட்டது. ஈரம் விடவில்லை. சுவரில் கை வைத்தால் சுண்ணாம்பு மாவாக வருகிறது. அரைநாள் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேர் இல்லை. கேழ்வரகுக் கொல்லையில் காட்டுப்பன்றிக் காவல்.

செய்ய வேண்டியவை:
ஆறாம் வகுப்பு விடைத்தாள்.
மண்ணெண்ணெய்.
கதவின் அடியில் வைக்க ஒரு சாக்கு. பழையதை ஜூலி கிழித்துவிட்டாள்.

கதவு என்றால் நடுக்கதவு. இந்தக் குவார்ட்டர்ஸில் இரண்டு அறை. ஒன்று பள்ளிக்கூட டீச்சருக்கு, ஒன்று துணை சுகாதார நிலையத்து நர்சுக்கு. நடுவில் ஒரு கதவு, இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். நர்சு ஸ்டெல்லா இருந்த இரண்டு வருஷத்தில் அதைச் சாத்தியதாக நினைவில்லை. இப்போது என் பக்கம் சாமை. அந்தப் பக்கம் ஜூலி. ஸ்டெல்லா மலையை விட்டுக் கீழே போய் ஐந்து வாரம்.

சாமை என் நாய். போன வருஷம் சாமைக் காட்டில் கிடந்தாள். ஏழாம் வகுப்புப் பெண்கள் பாவாடையில் ஏந்திக் கொண்டுவந்தார்கள். சாம்பல் நிறம். ஜூலி ஸ்டெல்லாவின் நாய். ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில், துணிப்பைக்குள் வந்தவள். ஒரு காது நிமிரும், ஒரு காது மடியும். இரண்டும் ஒரே வயது. இரண்டும் பெட்டை. ஒரு வருஷம் ஒரே சாக்கில் தூங்கின. இப்போது ஒன்றின் கண்ணில் மற்றது பட்டால் கொலை.

ஆகவே நாள் இப்படிப் போகிறது. ஆறு மணிக்கு சாமை வெளியே, ஜூலிக்குத் தாழ். ஏழு மணிக்கு சாமை உள்ளே, ஜூலி வெளியே. பள்ளி விட்டதும் மறுபடி முதலில் ஜூலி, பிறகு சாமை. தட்டு இரண்டு, கயிறு இரண்டு. தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது.

பள்ளியில் சமைக்கும் பச்சையம்மா வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா டீச்சர், ரெண்டு பொண்டாட்டி கட்னவன் தேவலாம் போல. அவனாச்சும் ஒருத்தி வூட்ல சண்டைன்னா இன்னொருத்தி வூட்டுக்குப் போய்ட்டு படுத்துக்குவான்."

சிரித்தேன். பிறகு விடைத்தாள் திருத்தினேன். 'காடுகளின் பயன்கள்' பத்து மதிப்பெண். ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: காட்டில் ஒளிந்துகொள்ளலாம். முழு மதிப்பெண் போட்டேன்.


4 நவம்பர், ஞாயிறு

வெயில். இரண்டு போர்வையும் காய வைத்தேன். ஒன்று ஸ்.வினுடையது. அதில் இன்னும் டெட்டால் வாசனை. ஒருவேளை நானே கற்பனை செய்துகொள்கிறேன்.

அன்று நடந்ததை இதுவரை எழுதவில்லை. எழுதிவிட வேண்டும்.

செப்டம்பர் கடைசி. இரண்டு நாய்களுக்கும் அடுத்தடுத்து பருவம் வந்து அடங்கியிருந்தது. அதற்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வாசலில் ஒன்று படுத்திருந்தால் மற்றது தாண்டாது. தாண்டினால் உடம்பு விறைக்கும். நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்தோம். ஸ். வேலை முடிந்து வந்தாள். வாசல்படியிலேயே ஜூலியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சினாள். சாமை என் காலடியிலிருந்து எழுந்து போனாள். குரைக்கவில்லை. உறுமவில்லை. சத்தமே இல்லை. குரைக்கிற நாய்கள் சண்டை போடுவதில்லை, பேசிக்கொள்கின்றன என்று அன்றுதான் தெரிந்தது.

தண்ணீர் ஊற்றினேன். விடவில்லை. ஸ். ஜூலியின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். அந்த இடத்தில்தான் சாமையின் வாய் இருந்தது.

பிரித்த பிறகு நான் சாமையைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வந்தேன். காது கிழிந்து தொங்கியது. துணியால் அழுத்திப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே கேட்டேன்: "கழுத்துல ஏன் கை வச்சே? பின்னங்கால பிடிச்சி இழுக்கணும்னு தெரியாதா?"

அவள் வாசற்படியில் நின்றாள். கையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது கூடச் சரியில்லை. பார்த்தேன், இரண்டாவதாகப் பார்த்தேன்.

"நீ மொதல்ல இன்னாத்தப் பாத்த வசந்தா? நாய் காத. என் கைய இல்ல."

மறுநாள் காலை பஸ்ஸில் ஊசி போட்டுக்கொள்ளக் கீழே போனாள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. சாமைக்கு நோய் இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். "ஊருக்கெல்லாம் போட்டுக்கோன்னு சொல்றேன், நான் போட்டுக்க வேணாமா" என்றாள். நியாயம்தான். பதினான்கு ஊசிக்குப் பதினான்கு நாள். அதன் பிறகு அவள் அம்மா வீடு. பிறகு மெடிக்கல் லீவ்.


5 நவம்பர், திங்கள்

முற்பகலில் தபால்காரர். இன்லண்ட் லெட்டர். ஸ். கையெழுத்து. எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது. வலது கை அல்லவா.

வகுப்பில் பிரிக்கவில்லை. சட்டப்படி உணவு இடைவேளை வரை காத்திருந்தேன். யாருடைய சட்டம் என்று தெரியவில்லை.

கடிதத்தில் இருந்தது: கை ஆறிவிட்டது. சுண்டுவிரல் முழுக்க மடங்கவில்லை. கீழே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது, பதினைந்தாம் தேதி சேர்கிறாள். அதுவரை வீட்டில். பிறகு அங்கேயே நர்சுகள் விடுதி. நாய் வைத்துக்கொள்ள முடியாது. அண்ணன் வீட்டில் கோழி. மலைக்குப் புது நர்சு டிசம்பர் ஒன்றாம் தேதி வருகிறாள், கைக்குழந்தையோடு.

கடைசியில்: 'அதற்குள் ஜூலிக்கு ஒரு நல்ல வீடு பார்த்துக் கொடுத்துவிடு. நீ பார்த்தால் சரியாக இருக்கும்.'

அவ்வளவுதான். கீழே நான்கு விரல்கடை காலி இடம். அன்புள்ள வசந்தா என்று ஆரம்பித்திருந்தாள். எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவாள்.

நீ பார்த்தால் சரியாக இருக்கும். இதை எத்தனை முறை படித்தாலும் அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருக்கலாம்.


7 நவம்பர், புதன்

மறுபடி தூறல். கம்பளிப்பூச்சி காலம், எல்லாக் குழந்தைகளுக்கும் தடிப்பு.

பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தொடக்கம்.
'உன் கையை நான் முதலில்' — கிழித்தேன்.
'ஜூலி நன்றாகச் சாப்பிடுகிறாள்' — கிழித்தேன்.
'புது வேலைக்கு வாழ்த்துக்கள்' — இது மிகவும் மோசம்.

சென்னையிலிருந்து புத்தகப் பார்சல். எம்.ஏ. படித்த காலத்தில் இப்படி ஒரு நாவலுக்காகப் பட்டினி கிடந்திருக்கிறேன். நாற்பது பக்கம் படித்தேன். அதில் யாருக்கும் நாய் இல்லை. எல்லோரும் தனிமையைப் பற்றிப் பேசுகிறார்கள், நாளைக்கு யாருக்குச் சோறு வைக்க வேண்டும் என்ற கவலை ஒருவருக்கும் இல்லை. மூடி வைத்தேன்.

ஜூலி மாலையில் சாலை வளைவு வரை போய் நிற்கிறாள். பஸ் வரும். யாராவது இறங்குவார்கள். அவள் இறங்கியவரைப் பார்ப்பதில்லை, பஸ் கதவைப் பார்க்கிறாள். கயிற்றின் இந்த முனையில் நான்.


10 நவம்பர், சனி

ஆலங்காயம். காலை பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கிழவர் என் தோளில் தூங்கினார்.

கால்நடை ஆஸ்பத்திரி. டாக்டர் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டே கேட்டார்.

"ரெண்டும் பொட்டையா?"

"ஆமாங்க."

"ஒரே வயசு?"

"ஏறக்குறைய."

"அப்ப ஒண்ணு வெளிய போயாகணும். ரெண்டு ஆம்பள நாயின்னா அடிச்சிக்கும், ஒண்ணு அடங்கிப் போவும், அத்தோட முடிஞ்சிடும், பெரும்பாலும். பொட்டைங்க அப்பிடி இல்ல. ஒரு தடவ ரத்தம் பாத்துச்சின்னா மனசுல வச்சிக்கும்."

"ஆபரேஷன் பண்ணா?"

"மெட்ராஸ்ல பண்றாங்க. குட்டி போடாது. ஆரம்பிச்ச சண்டய நிறுத்தும்னு நான் சொல்ல மாட்டேன். கடல எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டேன். எப்படிப்பட்ட வீடு பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பேருந்துச் சீட்டின் பின்னால் குறித்துக்கொண்டது:

வேறு பெட்டை இருக்கக் கூடாது. முக்கியம்.
ஆண் நாய் ஒன்று இருந்தால் நல்லது. ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி.
நாள் முழுக்கச் சங்கிலி போடும் வீடு வேண்டாம்.
சோறு தனித்தனியாக வைப்பவர்களா?
நாய் என்ன வேலைக்கு என்று கேள். நாய்க்கு அந்த வேலை வருமா என்று பார்.

"எத அனுப்பப் போறீங்க?"

"ஒண்ணு என் சிநேகிதியோடது. அத."

"அவங்க நாயின்னா அவங்க இல்ல வரணும்?"

கடலைத் தோலை ஊதினேன்.

பஸ் நிலையத்தில் ஸ். ஊருக்குப் போகும் டவுன் பஸ் நின்றது. இருபது நிமிஷப் பயணம். ஏறி உட்கார்ந்தால் போதும். வீடு தெரியும், ஒருமுறை கிறிஸ்துமஸுக்குப் போயிருக்கிறேன். அவள் அம்மா என் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டு, "இன்னாம்மா இப்டி வறண்டு கெடக்குது, மலைல தண்ணியே இல்லியா?" என்றாள். ஸ். கதவில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

டவுன் பஸ் கண்டக்டர் விசில் அடித்தார். என்னைப் பார்த்து, "வர்றீங்களா இல்லியாம்மா?" என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. பஸ் போய்விட்டது.

வாங்கியது: பிஸ்கட், சாக்குத் தைக்கும் ஊசி, அரை கிலோ வெங்காயம்.


11 நவம்பர், ஞாயிறு

வீடு தேடல், முதல் நாள்.

காவலூர் டீக்கடை. கடைக்காரருக்கு ஆசைதான். பெஞ்சுக்குக் கீழே ஒரு பெட்டை, நான்கு குட்டியோடு. வேண்டாம்.

மரக் கிடங்கு வாட்ச்மேன். நாய் ஒன்றும் இல்லை. கம்பம் இருக்கிறது, அதில் ஓர் ஆள் நீளச் சங்கிலி தயாராகத் தொங்குகிறது. "கட்டிப் போட்டாதாங்க நாயிக்குக் கோவம் வரும். கோவம் வந்தாதாங்க நமக்கு உபயோகம்." வேண்டாம்.

திரும்பும்போது எதிர் மேட்டில் வானாய்வுக் கூடத்தின் வெள்ளைக் கூரை வெயிலில் பளபளத்தது. அங்கே போய்க் கேட்கலாமா என்று நினைத்தேன். எவ்வளவோ தூரத்தில் இருப்பதைப் பார்க்கிறவர்கள். கால் வலித்தது. வந்துவிட்டேன்.

வேண்டாம் என்று சொல்லும்போது ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு சின்னச் சந்தோஷம். இதைக் கவனித்தேன். ஜூலிக்கு வீடு கிடைக்காத வரை ஸ். இங்கிருந்து முழுதாகப் போகவில்லை.


14 நவம்பர், புதன்

குழந்தைகள் தினம். தலைமை ஆசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசினார். குழந்தைகள் வெயிலில்.

பச்சையம்மா சொன்னாள்: "வெள்ளையன் வூட்ல கேளுங்க டீச்சர். ரெண்டு மைல்தான். நல்ல ஜனம். பொஞ்சாதி காளியம்மா கை தாராளம், நாய்க்குக் கூட உருண்ட பெருசா வைப்பா."

நாளை ஸ். புது வேலையில் சேர்கிறாள். வெள்ளைப் புடவை இஸ்திரி போட்டிருப்பாள். சொம்பில் கங்கு நிரப்பி இஸ்திரி போடுவாள் இங்கே. அதைப் பிடித்திருக்கும் துணி கருகிய வாசனை. இனி அங்கே நிஜமான இஸ்திரிப் பெட்டி இருக்கும்.


17 நவம்பர், சனி

ஜூலியைக் கொண்டுபோய் விட்டேன்.

வெள்ளையன் வீடு சரிவில் தனியாக. சுற்றிலும் புளிய மரம். வெள்ளையன் முப்பது வயது, வெட்கப்படுகிறவர். காளியம்மா முறத்தோடு வந்து நின்றாள். டாக்டர் சொன்ன கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்.

"பொட்ட நாயி ஏதாவது இருக்குதா?"

"இல்லீங்க டீச்சர். எங்களுக்கு ஒரே நாயி. அதோ."

ஆண் நாய். வெள்ளை, முதுகில் தழும்பு. ஜூலியை மோந்து பார்த்தது, வாலை ஆட்டியது. ஜூலியும் ஆட்டினாள். சங்கிலி இல்லை. களி உருண்டை உண்மையிலேயே பெரிது. எல்லாம் சரி.

"பேரு இன்னாங்க?"

"ஜூலி."

காளியம்மா வாயில் போட்டு மென்று பார்த்தாள். "சூலி. நல்லாருக்குது, எங்க சாமி பேரு மாரி."

கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். ஜூலி என்னைத் தொடரவில்லை. அவள் பஸ் வரும் திசையைத் தேடிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து சாலை தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நடுக்கதவைத் திறந்தேன். சாமை மெல்ல அந்த அறைக்குள் போனாள். மூலை மூலையாக மோந்தாள். கடைசியில் ஸ்.வின் கயிற்றுக் கட்டிலடியில் படுத்துக்கொண்டாள். நான் கட்டிலில். தூக்கம் வரவில்லை, எழவும் இல்லை.


18 நவம்பர், ஞாயிறு

காலை எட்டு. வாசலில் வெள்ளையன். தோளில் ஆட்டுக்குட்டியைப் போல ஜூலி. சட்டையெல்லாம் ரத்தம்.

முன்கால் கிழிசல், கழுத்தில் இரண்டு ஓட்டை. நல்லவேளை ஆழமில்லை. சாமையைக் கொல்லையில் கட்டிவிட்டு ஓடிவந்தேன்.

"கோவிச்சிக்காதீங்க டீச்சர்."

"வேற பொட்ட இல்லன்னு சொன்னீங்களே?"

"இல்லீங்களே. எங்களுக்கு ஒரே நாயிதானுங்க."

"அப்ப இத கடிச்சது எது?"

"அது பொட்டைங்க."

"யாரோட பொட்ட?"

"யாரோடதும் இல்லீங்க. எங்க வூட்டுப் பின்னால கெடக்கும். மூணு வருசமாக் கெடக்குது. குட்டிகூட அங்கதான் போட்டுச்சி. இந்த வெள்ள நாயே அது போட்டதுதான்."

"அப்ப அது உங்க நாயிதானே வெள்ளையன்?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஏமாற்று இல்லை. குழப்பம் மட்டும்தான். "எப்டிங்க? அது காவலுக்கு வராதுங்களே."

டீ போட்டுக் கொடுத்தேன். வாசலிலேயே நின்று குடித்துவிட்டுப் போனார். வளைவு வரை போய், திரும்பி வந்து, ஜூலியின் கயிற்றை மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

காயம் கழுவ ஸ்.வின் பெட்டியைத் திறந்தேன். அவள் எடுத்துப் போகவில்லை. பொட்டாசியம் பர்மாங்கனேட், சல்பா பவுடர், கத்தரித்து மடித்த துணிப்பட்டைகள், ஒவ்வொன்றும் ஒரே அளவு. ஊதாத் தண்ணீரில் ஜூலியின் காலைப் பிடித்துக் கழுவினேன். அவள் கத்தவில்லை, என் மணிக்கட்டைப் பல்லால் மெதுவாகப் பிடித்துக்கொண்டாள். கடிக்கவில்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஒரு கையால் கட்டுப் போட்டு முடித்தேன்.

இதைத்தான் அன்று செய்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.


21 நவம்பர், புதன்

பனி. பத்து மணிக்குத்தான் கரும்பலகை தெரிந்தது.

பச்சையம்மாவிடம் சொன்னேன். அவள் அதிசயப்படவில்லை. காவலுக்குப் போய், கையால் களி வாங்கித் தின்கிற நாய்தான் வீட்டு நாய். மற்றதெல்லாம் 'சும்மா கெடக்கிறது'. அந்த ஊரில் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே நாய் என்றுதான் சொல்வார்களாம்.

"பொட்டைங்கள யாரு டீச்சர் கணக்குல வெக்கறாங்க? எங்கப்பன் கூட மூணு பொண்ண வூட்ல வச்சிகினு எனக்குப் புள்ளயே இல்லன்னுதான் சொல்லிகினு இருந்தான்."

சொல்லிவிட்டு அவளே பெரிதாகச் சிரித்தாள். குழம்பு கிண்டினாள்.

கேள்வி தப்பு. இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. போய் உட்கார்ந்து சோறு வைக்கும் நேரம் வரை பார்க்க வேண்டும். எத்தனை வாய் வருகிறது என்று.

ஒன்பது நாள் இருக்கிறது. ஜூலி நொண்டுகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நகரும் சத்தம் இப்போது மூன்று கால் சத்தம். இந்தப் பக்கம் சாமை அதைக் கேட்டு உறுமுகிறாள். சாமைக்கு அடியும் இல்லை, இரக்கமும் இல்லை.


24 நவம்பர், சனி

பச்சையம்மாவின் அக்கா மாரி வீடு. மேற்குச் சரிவில். மாரி, அவள் புருஷன் சின்னான், பிள்ளைகள் இல்லை. அடுத்த வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். கிழட்டு ஆண் நாய் ஒன்று வாசலில் தூக்கம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கல் மீது உட்கார்ந்தேன். மூன்று மணி. நான்கு. மாரிக்குத் தாங்கவில்லை.

"இன்னாடி பச்ச, உங்க டீச்சரு பொண்ணு பாக்க வந்தவங்களாட்டம் ஒக்காந்துகினு கீறாங்க? காபி குடுக்கணுமா, பாடிக் காட்டணுமா?"

"நாய்க்கு மாமியா வூடு பாக்கறாங்கக்கா. நீ சும்மா இரு. மொறச்சிகினு இல்லாம கொஞ்சம் சிரிச்ச மூஞ்சா இரு."

ஐந்தரைக்குச் சின்னான் காவலுக்குக் கிளம்ப, பன்றியை விரட்டத் தட்டும் தகர டப்பாவை எடுத்தார். மாரி களிப் பானையைத் திறந்தாள். எழுந்து வீட்டின் பின்னால் போய்ப் பார்த்தேன். வைக்கோல் போருக்குப் பின்னால், ஆட்டுப் பட்டிக்குப் பின்னால். ஒன்றும் வரவில்லை. கிழட்டு நாய் மட்டும் எழுந்து, சோம்பல் முறித்து, அவள் கையிலிருந்து வாங்கியது. பாதியைத் தின்று பாதியை விட்டது. விட்டதைத் தேடியும் எதுவும் வரவில்லை.

ஒரே நாய். இது நிஜமான ஒன்று.

சொல்லலாம் என்று வாயெடுத்தேன். மாரி முந்திக்கொண்டாள்.

"எந்த நாயி குடுக்கப் போறீங்க? காது மடிஞ்சதா? அது வேணாங்க. கீழ்நாட்டு நாயி அது. பள்ளிக்கூடத்தாண்ட பாத்தனே, பன்னி கத்தனா பெஞ்சிக்குக் கீய பூந்துக்குது. இங்க வந்தா ஒரு வாரம் தாங்காது. சாம்பக் கலருல ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதுன்னா குடுங்க."

"அது என்னோடதுங்க."

"ரெண்டும் உங்க வூட்லதானே கெடக்குது?"

திரும்பி வரும்போது பச்சையம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.


25 நவம்பர், ஞாயிறு

யோசிக்க வேண்டியது. எழுதினால் தெளியும்.

சாமை போவதற்கு: காட்டில் பிறந்தவள். பயமில்லாதவள். காயம் இல்லை. அந்த வீட்டில் பெட்டை இல்லை. கிழட்டு நாய்க்குப் பின் அவள்தான் வீட்டு நாய். கையால் களி. ஓடுவதற்கு ஒரு மலை முழுக்க. இங்கே அவளுக்கு என்ன? ஒரு அறை, ஒரு தாழ்ப்பாள், விடைத்தாள் திருத்தும் ஒருத்தியின் காலடி.

ஜூலி இருப்பதற்கு: நொண்டி. கேட்பவர் இல்லை. ஒன்றாம் தேதிக்குள் ஆறுவது சந்தேகம். அறைக்குள் இருக்கப் பழகியவள்.

டாக்டரிடம் காட்டினால் ஒத்துக்கொள்வார். ஒவ்வொரு வரியும் சரி.

பட்டியலில் எழுதாதது: ஜூலி போனால் ஸ். தொட்டது எதுவும் உயிரோடு இங்கே மிச்சமில்லை.

இரண்டும் உண்மை. எது முதலில் வந்தது என்று தெரியாதவரை நான் யோக்கியமாகத் தூங்கலாம். தெரியும்.

சாமை என் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். அவளிடம் கேட்க முடிந்தால் எப்படிக் கேட்பேன் என்று யோசித்தேன். கேட்க முடியாதது சௌகரியமாக இருக்கிறது.


28 நவம்பர், புதன்

பள்ளி விட்டதும் சாமையை அழைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் முன்னால். கயிறு ஒருமுறை கூட இறுகவில்லை.

ஓடையைத் தாண்டியதும் கிழட்டு நாய் எழுந்து வந்தது. இரண்டும் மூக்கோடு மூக்கு. சாமை முன்கால்களை நீட்டி, பின்பக்கம் தூக்கி, விளையாடக் கூப்பிட்டாள். அவள் அப்படிச் செய்து இரண்டு மாதம். என் அறையில் அவளுக்கு விளையாட்டு மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். கிழட்டு நாய் ஒரு சுற்று ஓடிவிட்டு இளைத்து நின்றது. மாரி கைகொட்டிச் சிரித்தாள். "ஏ கெழவா, உனுக்கு வந்த யோகத்தப் பாரு!"

களி. மாரி கையிலிருந்து. சாமை முதலில் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேனா, இல்லையா. வாங்கிக்கொண்டாள்.

சின்னான் தகர டப்பாவையும் கம்பளியையும் எடுத்தார். கிழட்டு நாய் அவர் பின்னால். சாமை அதன் பின்னால். கயிறு இல்லை. கேழ்வரகு வரப்பில் மூவரும் வரிசையாக, சாம்பல் வால் கடைசியில். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன்.

"நேரமாவுது, கெளம்புங்க டீச்சர்."

"அது போகட்டும்னு நிக்கறேன்."

"அது எப்பவோ போய்ட்டுது. நீங்கதான் போவல."

வழியில் அழுதேன். மேட்டில் ஏறும்போது மூச்சு போதாமல் அழுகை நின்றுவிட்டது. அழுகையும் ஏற்றமும் சேர்ந்து செய்ய முடியாது.


1 டிசம்பர், சனி

புது நர்சு வந்துவிட்டாள். ஜீப்பில் சாமான். கணவர் இறக்கிவைத்துவிட்டு அதே ஜீப்பில் போய்விட்டார். குழந்தைக்கு ஏழு மாதம், எந்நேரமும் எச்சில். நல்ல பெண். என்னை அக்கா என்கிறாள்.

ஸ்.வின் கட்டில் அரசாங்கக் கட்டில், அங்கேயே இருக்கும். போர்வையையும் மருந்துப் பெட்டியையும் நேற்றே என் அறைக்கு மாற்றிவிட்டேன். ஜூலியையும்.

அவள் இங்கே வந்ததிலிருந்து நடுக்கதவின் அடியில் மூக்கை வைத்துப் படுத்திருக்கிறாள். சாக்கை எடுத்துவிட்டேன், இனி தேவையில்லை. அந்தப் பக்கம் புதிய காலடிகள், குழந்தை, பால் காயும் வாசனை. ஒவ்வொரு காலடிக்கும் வால் ஒருமுறை தரையைத் தட்டுகிறது. பிறகு நிற்கிறது.

"அக்கா, இந்தக் கதவு உங்க பக்கம் தாழ் போட்டிருக்குதுங்களா? கொழந்த தவழுது, நாயி வந்துடுமோன்னு."

"போட்டிருக்கு. பயப்படாதீங்க."

நாய்க்குச் சோறு வைத்தேன். தின்றாள். என்னை வேலைக்காரியைப் பார்ப்பதுபோல் ஒரு மரியாதையோடு பார்த்தாள். என்னை நேசித்த நாயை அனுப்பிவிட்டு, வேறொருத்திக்காகக் காத்திருக்கும் நாயோடு இருக்கிறேன். குறைந்தபட்சம் எங்கள் இருவருக்கும் ஒரே வேலை.


2 டிசம்பர், ஞாயிறு

வெயில் நன்றாக அடிக்கிறது. வெங்காயம் முளைத்துவிட்டது. தலைக்குக் குளித்தேன்.

பதினோரு மணிக்கு ஸ்.வுக்கு எழுதினேன். ஒரே மூச்சில், ஒன்றையும் கிழிக்காமல்.

'அன்புள்ள ஸ்டெல்லா, நீ சொன்னபடி வீடு பார்த்துவிட்டேன். மேற்குச் சரிவில், பச்சையம்மாவின் அக்கா வீடு. நானே உட்கார்ந்து, சோறு வைக்கும் வரை இருந்து பார்த்தேன். வேறு பெட்டை இல்லை. வயதான ஆண் நாய் ஒன்று, சாது. சங்கிலி போட மாட்டார்கள். புதன்கிழமை கொண்டுபோய் விட்டேன். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. வசந்தா.'

எந்த நாய் என்று எழுதவில்லை. பாதிப் பக்கம் காலியாக இருந்தது. அப்படியே மடித்து, எச்சில் தொட்டு ஒட்டினேன்.